அம்மாக்களைக் கொண்டாடிய மேடம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷம் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுப் பேனாவை எடுப்பேன். ஒரு பெண்ணைக் கேவலமாக எழுதின கையாலேயே அம்மனுக்குக் குங்குமம் வைப்பதா என்று மனசு உறுத்தும். மூடி வைத்துவிடுவேன். அதுவும் என் கையில் எத்தனையோ தடவை வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தவர். "போனவங்களப் பத்தி இப்ப இன்னாத்துக்கு" என்று வீட்டுக்காரரும் தடுத்தார். போனவர் என்றால் சாமிகிட்டே போனவர் இல்லை, மகனோடு இருக்க வெளிநாடு போனவர். நன்றாக இருக்கட்டும். ஆனால் போன மாசம் எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்த ஒரு பெண், "அந்த மேடம் இருந்தப்ப லேடீஸ்க்கு ரொம்ப செஞ்சாங்களாமே ஆன்ட்டி" என்று என்னிடம் கேட்டாள். அதற்குத் தலையாட்டிவிட்டு வந்தேன். வந்து சாமி படத்தின் முன்னால் நின்றபோது, இந்தத் தலையாட்டலும் பாவக் கணக்கில்தான் சேரும் என்று தோன்றியது.

எங்கள் குடியிருப்பு சேலையூருக்கும் ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது. என் மாமனார் நிலத்தில் கட்டினது. நிலம் கொடுத்ததற்கு எங்கள் பங்காக இரண்டு வீடும், தெருவைப் பார்த்த ஒரு கடை அறையும் வந்தன. மற்ற வீடுகளில் எல்லாரும் படித்தவர்கள், ஆபீஸ் போகிறவர்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவள். மேடம் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று வந்தவர், அசோசியேஷன் தலைவியும் அவர்தான். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. குடியிருப்பில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எல்லாருக்கும் மேடம்தான். எங்களை அவர் "லோக்கல் பீப்பிள்" என்பார், எங்கள் எதிரிலேயே, ஏதோ பட்டம் கொடுக்கிற மாதிரி.

குரலை உயர்த்தவே மாட்டார். அதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்லப் போவதை வைத்து அவரை ஒரு சண்டைக்காரி என்று நினைத்துவிடுவீர்கள். பன்னீர் தெளிக்கிற மாதிரிதான் பேசுவார். பேசுவதற்கு முன் உள்ளங்கைகளை இரண்டு தட்டு தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் படிக்கட்டில் காய்கறியோடு ஏறிக்கொண்டிருக்கிற பெண்கூட நின்றுவிடுவாள். ஏதோ ஒரு தினம் வரப்போகிறது, நமக்கு ஒரு வேலை வந்தாயிற்று என்று அர்த்தம்.

அவர் தலைக்குள் ஒரு பஞ்சாங்கம் ஓடும். மார்ச்சில் மகளிர் தினம். மாசியும் பங்குனியும் கூடுகிற நேரத்தில் காரடையான் நோன்பு. மே மாசம் அன்னையர் தினம். ஆடிப்பூரத்துக்கு அம்மனுக்கு வளையல், அப்புறம் வரலட்சுமி நோன்பு, நவராத்திரி. இது நம்முடையது. இது போதாதென்று மாடியில் இருந்த இந்திக்காரர்கள் புருஷன் ஆயுசுக்காக இருக்கிற கர்வா சௌத் விரதம், மலையாளத்து வீட்டுப் பெண்களின் திருவாதிரை ஆட்டம், கிறிஸ்தவ வீட்டம்மா தன் கோயிலில் கொண்டாடின பெண்கள் ஞாயிறு, எல்லாவற்றையும் பிடித்து இழுத்து வந்து எங்கள் குடியிருப்பின் பொது ஹாலில் கட்டிப்போட்டார். "எல்லா கல்ச்சர்லயும் பெண்ணை எப்படி மதிக்கறாங்க பாருங்க, நம்ம ஃபிளாட்ஸ்ல எல்லாத்தையும் பண்றோம்" என்று மைக்கில் சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

பண்டிகை அவருடையது, வேலை எங்களுடையது. இத்தனை தினங்களிலும் அந்த அம்மா ஒரு தேங்காயைத் துருவி நான் பார்த்ததில்லை. கரண்டியைத் தொட்டால் அது போட்டோவுக்கு. பெண்களைக் கௌரவிக்கிற நாளில் ஒரு பெண்ணாவது சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும். இரண்டு தட்டு தட்டிவிடுவார்.

ஒரு மகளிர் தினத்தில், இன்றைக்கு ஆண்கள் சமைப்பார்கள், பெண்கள் ராணி மாதிரி உட்கார வேண்டும் என்று அறிவித்தார். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "ஜென்ட்ஸ்க்குப் பழக்கம் இல்ல பாருங்க. கேசரி, உப்புமா, சட்னி மூணையும் நீங்க நாலு பேர் சேர்ந்து காலையிலேயே முடிச்சு வெச்சிடுங்க. அவங்க வந்து கிளறுவாங்க" என்றார். கிளறினார்கள். ஆண்கள் எல்லாம் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு, ஆறிப்போன கேசரியை வரிசையாக ஒரு கிளறு கிளறிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அண்டாக்களைக் கழுவினதும் நாங்கள்தான். கூன் விழுந்த மாதிரி வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து என் வீட்டுக்காரர், "மகளிர் தினத்துக்கே இந்தப் பாடு. நாளைக்கு ஆம்பளைங்க தினம்னு ஒண்ணு வந்தா இன்னா செய்வீங்க?" என்று கேட்டார்.

"அன்னிக்கும் நாங்கதான் சமைப்போம்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கர்வா சௌத் கதை இன்னும் மோசம். தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து, நிலா வந்ததும் சல்லடை வழியாகப் பார்த்துவிட்டு விரதம் முடிப்பது அவர்கள் வழக்கம். மாடிவீட்டு இந்திக்காரப் பெண் தன் பாட்டுக்கு அதைச் செய்துகொண்டிருந்தாள். மேடம் அதை எல்லாருக்கும் ஆக்கினார். ஐப்பசி மாசம், சென்னையில் அடைமழைக் காலம் என்பது அத்தனை படித்தவருக்குத் தோன்றவே இல்லை. பட்டுப்புடவையோடு மொட்டைமாடியில் தூறலில் சல்லடையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வானம் மூடிக் கிடந்தது. நிலா வருகிற வழியாக இல்லை. ஒரு பெண்ணுக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். மேடம் மத்தியானமே சாப்பிட்டாயிற்று, அவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். கடைசியில் வடக்கே இருந்த தன் சொந்தக்காரர் ஒருவருக்குப் போன் போட்டு, அந்த ஊர் நிலாவை வீடியோவில் வரவழைத்து, போனை உயரத் தூக்கிப் பிடித்து, "எல்லாரும் இதைப் பார்த்துக்கோங்கம்மா" என்றார். சல்லடை வழியாகப் போனைப் பார்த்துவிட்டு இறங்கினோம். அந்த இந்திக்காரப் பெண் மட்டும் இறங்கவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையிலேயே நின்றாள். அவளுடைய விரதத்தை அவளுக்கே கேலியாக ஆக்கிவிட்டோமே என்று எனக்கு மனசு கூசியது.

அன்னையர் தினத்துக்குப் பாதபூஜை வைத்தார். அம்மாக்கள் நாற்காலியில் உட்கார வேண்டும், பிள்ளைகள் தாம்பாளத்தில் காலை வைத்துக் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டுப் பூப்போட வேண்டும். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மேடம் முன்வரிசையில் யார் உட்காருவது என்று காலைப் பார்த்து முடிவு செய்தார். என் கால் வெடிப்புக் கால், கல்யாணமாகி வந்ததிலிருந்து மாட்டுச் சாணியிலும் ஈரத்திலும் நின்ற கால். குனிந்து பார்த்துவிட்டு, மெதுவாக என் தோளைத் தொட்டு, "நீங்க பின்னாடி கம்ஃபர்டபிளா உட்காருங்க" என்றார். என் மகன் பின்வரிசையில் என் காலைக் கழுவினான். போட்டோ எடுக்கிறவர் அந்தப் பக்கம் வரவே இல்லை. அதில் எனக்கு ஒன்றும் இல்லை. அம்மன் பார்த்தால் போதும்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் படிக்கட்டுகளைப் பெருக்கித் துடைக்க மினதி என்று ஓர் ஒடிசாக்காரப் பெண் இருந்தாள். மேடம் வீட்டுப் பாத்திரமும் அவள்தான் தேய்ப்பாள். புருஷன் டைல்ஸ் ஒட்டுகிற வேலையில் கையாள். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் அசோசியேஷன் கொடுத்திருந்த சின்ன அறையில் இருவரும் இருந்தார்கள். அந்த அறைதான் அவர்களுக்கு ஊர், வீடு எல்லாம். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை வேறு. அறை போனால் அவர்கள் திரும்ப ரயிலேறுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆனி மாசம் பிறக்கிற சமயம் அவள் மேடத்திடம் மூன்று நாள் லீவு கேட்டாள். நானும் அங்கே இருந்தேன். எதற்கு என்று கேட்டதற்கு, ஊர்ப் பண்டிகை என்றாள். ரஜோ என்று பெயராம். அவளுக்குத் தெரிந்த தமிழில், கையையும் காலையும் ஆட்டி அவள் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். மழைக்கு முன்னால் பூமித்தாய்க்கு அந்த மூன்று நாள் வருகிறது, நமக்கு மாசாமாசம் வருகிற மாதிரி. அதனால் பூமியை யாரும் உழ மாட்டார்கள், தோண்ட மாட்டார்கள். பெண்கள் அரைக்க மாட்டார்கள், இடிக்க மாட்டார்கள், அடுப்படிக்குப் போக மாட்டார்கள். ஆண்கள்தான் சமைப்பார்கள். பெண்கள் புதுத்துணி உடுத்தி, வெற்றிலை போட்டுக்கொண்டு, ஊஞ்சல் ஆடுவார்கள். அவ்வளவுதான் பண்டிகை.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த மூன்று நாள் நான் எங்கள் சாமி அறை வாசப்படியை மிதிக்க மாட்டேன். இன்றைக்கும் அப்படித்தான், அதை விடுகிற எண்ணமும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் எனக்கு ஓய்வு கொடுத்தவர்கள் யாரும் இல்லை. அதே நாட்களை ஒரு ஊரே திருநாளாக வைத்து, தாயே படுத்துக்கொள் என்று சொல்கிறது என்றால், அதைச் சொல்லிக்கொடுத்தது அந்தத் தாயாகத்தான் இருக்க வேண்டும்.

மேடம் முகத்தைச் சுளித்தார். "ஐயே, இதையெல்லாம் மைக்ல சொல்ல முடியுமா? மழைத் திருவிழான்னு போட்டுக்கலாம். ஊஞ்சல் நல்லா இருக்கும், அதை வெச்சுப்போம்" என்றார். அதற்குள் அவர் தலையில் பந்தல் போட்டாயிற்று. லீவு தாராளமாக எடுத்துக்கொள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து உங்கள் ஊர் அரிசிப் பலகாரம் ஒன்றை எல்லா வீட்டுக்கும் செய்துவிடு என்று அவளிடம் சொன்னார். ஞாயிறு அந்த மூன்று நாளுக்குள் வருகிறது. பண்டிகை பிறக்கும் முன்பே சுட்டு வைத்துவிடுகிறேன், கெடாது, அதுதான் எங்கள் வழக்கம் என்றாள் மினதி. வீடியோவில் சுடச்சுட ஆவி தெரிய வேண்டும் என்றார் மேடம். அவள் பதில் சொல்லவில்லை. பேசாமல் நின்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது மேடத்தின் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலில் கிரைண்டர் வந்து உட்கார்ந்திருந்தது. அரிசி ஊறியிருந்தது. வெளியே பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் ஊஞ்சலுக்குப் பூச்சரம் சுற்றியிருந்தார்கள். நாங்கள் வழக்கம்போலத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தோம். மினதி காலில் சிவப்புச் சாயம் இட்டு, புதுப் புடவை கட்டி, வாசலில் வந்து நின்றாள். அவள் புருஷன் பின்னால் நின்றான்.

மேடம் இரண்டு தட்டு தட்டினார். "வா வா. முதல்ல அரைச்சிடு. கேமராமேன் வந்ததும் ஊஞ்சல்ல உட்காரலாம்."

"அம்மா, மூணு நாள் கல்லு தொட மாட்டேன்" என்றாள் மினதி. "பூமி அம்மா படுத்திருக்கு."

"இது கல்லு இல்லம்மா, மெஷின். நீ ஸ்விட்ச்தானே போடப் போற?"

மினதி தலையை ஆட்டினாள். முடியாது என்று.

நான் எழுந்து, நான் அரைத்துக் கொடுத்துவிடுகிறேன் மேடம் என்றேன். அதற்கு அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "நீங்க அரைச்சா அது தோசை மாவு. அவ அரைச்சாத்தான் ஒடிசா."

அவள் புருஷன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிரைண்டர் பக்கம் போனான். அவர்கள் ஊரில் அந்த நாட்களில் ஆண்கள்தானே சமைக்கிறார்கள். மேடம் குறுக்கே கையை நீட்டினார். லேடீஸ் ஃபங்ஷனில் ஓர் ஆண் வேர்த்து வடிய மாவாட்டுகிறதை வீடியோவில் போட்டால் பார்க்க நன்றாக இருக்காதாம். ஆறின கேசரியைக் கிளற ஆண்களை வரிசையில் நிறுத்தின அதே அம்மாதான். நிஜமாகவே ஓர் ஆண் பெண்டாட்டிக்காக வேலை செய்ய வந்தால் அவருக்கு அது அசிங்கமாகப் பட்டது.

பிறகு மினதியின் கன்னத்தைத் தடவினார். பிள்ளைத்தாய்ச்சிக் கன்னத்தை. குரல் அதே பன்னீர்க் குரல். "பிடிவாதம் பிடிக்கக் கூடாதும்மா. அந்த ரூம் இங்க வேலை செய்யறவங்களுக்குத்தான். இஷ்டம் இல்லன்னா நாளைக்குக் காலி பண்ணிக் குடுத்துடு, நான் வேற ஆள் பார்த்துக்கறேன்."

ஹாலில் இருந்த பெண்கள் எல்லாம் துருவலைப் பார்த்தபடி இருந்தார்கள். மினதி புருஷனைப் பார்த்தாள். அவன் கிரைண்டரைப் பார்த்தான். ஒரு நிமிஷம் போய்த் தொட்டுவிடுவாளோ என்று நினைத்தேன். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "சரி அம்மா, போறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். பூச்சுற்றின ஊஞ்சலைத் தாண்டித்தான் அவள் போக வேண்டியிருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் தேங்காய்த் துருவியை அப்படியே வைத்துவிட்டு அவள் பின்னால் போனேன்.

விழா நடந்தது. நான் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஊஞ்சலில் மேடமே உட்கார்ந்தார். இரண்டு பெண்கள் நின்று ஆட்டிவிட்டார்கள். பெண்ணுக்கு ஓய்வு கொடுக்கிற பண்டிகை, என்ன ஓர் உயர்ந்த பண்பாடு என்று ஆடிக்கொண்டே மைக்கில் பேசினார். ஊறின அரிசியை மறுநாள் யாரோ இட்லிக்குப் போட்டுக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. எங்கள் கடை அறையில் ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அண்டாக்களைத்தான் வைத்திருந்தோம். சாவியை எடுத்துக்கொண்டு வந்து, "அண்டாவ ஒரு ஓரமா தள்னா ரெண்டு பேரு படுக்க எடம் கீது. வூட்ல ஒரு புள்ளத்தாச்சி தங்கினா அம்மன் வேணான்னா சொல்லப் போவுது?" என்றார். அன்று சாயங்காலமே அவர்கள் வந்துவிட்டார்கள். இரண்டு பை, ஒரு பாய், ஒரு சாமி படம். அது அசோசியேஷன் அறை இல்லை, எங்கள் பங்கு. மேடத்துக்கு அதில் பேச்சு இல்லை.

மூன்று நாளும் முடிந்த மறுநாள் காலை மினதி என்னிடம் வந்து அம்மிக்கல் இருக்கிறதா என்று கேட்டாள். அந்தக் கடை அறையிலேயே எங்கள் அம்மி கிடந்தது. மிக்ஸி வந்த பிறகு யாரும் தொடவில்லை. நாலாம் நாள் பூமித்தாய்க்குத் தலைக்குக் குளிப்பாட்டுகிற நாளாம். அரைக்கிற கல்லைத்தான் தாயாக வைத்துச் செய்வார்களாம். அவளும் புருஷனும் அம்மியைத் தெருவாசலுக்குத் தூக்கிவந்து வைத்தார்கள். நான் மஞ்சளும் குங்குமமும் கொண்டுபோனேன். அவள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்து, கல்லுக்கு மஞ்சள் பூசினாள். குழந்தைக்குப் பூசுகிற மாதிரி, மூலை முடுக்கெல்லாம். செம்பால் தண்ணீரை எடுத்து மெதுவாக ஊற்றினாள். நான் கைகூப்பி நின்றேன். கல்யாணத்தில் காலை வைத்து மிதித்த கல்லைக் கும்பிடுகிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. எதிரில் அம்மா குளித்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் தோன்றியது.

அப்போது மேடம் காலை நடை முடித்துக் கேட் பக்கம் வந்தார். நான் பயந்தேன். கோபமாக ஏதாவது சொல்வார், இல்லை, பார்க்காத மாதிரி போவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. முகம் மலர்ந்துவிட்டது. அறையை விட்டுத் துரத்தினது, கன்னத்தைத் தடவினது எதுவுமே அவர் நினைவில் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இல்லை. போனை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"வாவ், இதுதான்மா எனக்கு வேணும். எவ்ளோ நேச்சுரலா இருக்கு. செம்பை அப்படியே பிடி. இன்னொரு தடவை மேலேர்ந்து ஊத்து, தண்ணி விழறது தெரியணும்."

மினதி செம்பைக் கீழே வைத்தாள். தன் முந்தானையை விரித்து, ஈரக் கல்லின் மேல் போர்த்தினாள். நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தாள்.

"அம்மா குளிக்குது. போட்டோ எடுக்கக் கூடாது."

"கல்லுதானேம்மா" என்று மேடம் சிரித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. மினதி முந்தானையை எடுக்கவில்லை. நானும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் முந்தானையையும் சேர்த்துப் போர்த்தினேன். மேடம் கொஞ்ச நேரம் போனை நீட்டியபடி நின்றார். பிறகு கேட்டுக்குள் போய்விட்டார். அவர் போன பிறகுதான் மினதி மிச்சத் தண்ணீரை ஊற்றினாள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், தெரிந்த பெண்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். கடைசியில் அந்த மேடம் மனசு மாறினார் என்று இரக்கப்பட்டு ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள், அவர் மாறவில்லை. மினதி அழுதாள் என்றும் சேர்க்காதீர்கள். அவள் அழவில்லை.